ஈறில் ரத்தம்... வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்!

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தன் மகளுடன் என் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "மேல் முன்பல்லு ரெண்டும் ஆடுது டாக்டர். எடுத்துட்டு வேற பல்லு கட்டிடுங்க. தை மாசம் இவளுக்குக் கல்யாணம். போட்டோவுல நல்லா இருக்கணும்" என்றார்.

வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை. ஆனால் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. கீழ்ப்பற்களின் உட்புறம் முழுக்க மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருமாம்மா?"

"அது ஆறேழு வருஷமா வருது டாக்டர். உடம்பு சூடுன்னு நினைச்சேன். இளநீர், மோர்னு குடிச்சுப் பார்த்தேன். ரத்தம் வர்ற இடத்துல பிரஷ் படாமப் பார்த்துப்பேன். வலி ஒண்ணும் இல்லையே!"

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் வாரத்துக்கு நாலைந்து முறையாவது கேட்கிறேன். சொத்தைப் பல் வலிக்கும், ராத்திரி தூங்கவிடாது, மறுநாளே மருத்துவரிடம் ஓடுவோம். ஈறு நோய் அப்படியல்ல. பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரையும் வரைகூட வலிக்காமல் இருக்கும். வலிக்குப் பதில் அது காட்டும் அடையாளம், ரத்தம். அதை நாம் 'சூடு' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே

பல் தேய்த்துச் சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படர ஆரம்பிக்கும். நாக்கால் தடவினால் வழவழவென்று இருக்கும். முழுக்க முழுக்கக் கிருமிகள் நிறைந்த படலம் அது. பல் மருத்துவத்தில் 'பிளேக்' என்போம். தினமும் பிரஷ் பட்டால் போய்விடும். பிரஷ் படாத மூலைகளில் தங்கினால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்கும். அதுதான் பற்காரை. காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷும், எந்தப் பேஸ்ட்டும் அதைப் பெயர்க்க முடியாது.

காரையின் சொரசொரப்பான பரப்பில் புதிய படலம் இன்னும் வேகமாக ஒட்டும். அந்தக் கிருமிகளை எதிர்க்க உடல் அந்த இடத்துக்கு அதிக ரத்தத்தை அனுப்பும். அதனால் ஈறு சிவந்து வீங்கும். லேசாகத் தொட்டாலும் ரத்தம் வரும். இதுதான் முதல் கட்டம், ஈறு அழற்சி.

இது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை ஒரு பிரபலமான ஆய்வு காட்டியிருக்கிறது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் செய்த ஆய்வு அது; 1965-ல் வெளியானது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பவும் ஒழுங்காகப் பல் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு வாரம் பத்து நாட்களில் எல்லோருக்கும் ஈறு பழையபடி ஆனது.

ஆக, முதல் கட்டத்தில் ஈறு நோயை முழுசாகத் திருப்பிவிட முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் இந்த வாய்ப்பு இல்லை.

ஆற்றங்கரை மரம்

அழற்சி நாள்பட்டால், சிலருக்கு அது ஈறோடு நிற்காது. பல்லை ஒட்டியிருக்கும் ஈறு விலகி, நடுவே ஒரு பை போல இடைவெளி உண்டாகும். அந்தப் பைக்குள் பிரஷ் நுழையாது. கிருமிகள் உள்ளே பத்திரமாக இருந்துகொள்ளும். காரை வேர்ப்பகுதி வரை இறங்கும். பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் மெல்ல மெல்லக் கரையும். கரையில் மண் அரித்துக்கொண்டே போக, மேலே பச்சைப்பசேலென்று நிற்கும் மரம் ஒரு நாள் சாய்வதைப் போல, சொத்தையே இல்லாத பல் ஆட ஆரம்பிக்கும்.

அந்த அம்மாவின் எக்ஸ்ரேயில் இதைத்தான் பார்த்தேன். முன்பற்களின் வேரைச் சுற்றிப் பாதிக்கும் மேல் எலும்பு இல்லை. கரைந்த எலும்பு தானாக வளராது. சிகிச்சையால் நோயை அந்த இடத்தில் நிறுத்தலாம். போனதைப் பெரும்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

உலக அளவில் நூறு கோடிக்கும் அதிகமானோருக்குத் தீவிர ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வருமா?

வராது. இதைக் காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. அதே ஹரால்ட் லோ, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களை 1970-ல் இருந்து 1985 வரை தொடர்ந்து பரிசோதித்தார். பிரஷ் பிடித்துப் பல் தேய்க்கும் பழக்கமோ, பல் மருத்துவ வசதியோ இல்லாதவர்கள் அவர்கள். பெரும்பாலும் சொத்தையும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஈறு அழற்சி இருந்தது. அவர்களில் 8 சதவிகிதம் பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 சதவிகிதம் பேருக்கு நிதானமாக வளர்ந்தது. 11 சதவிகிதம் பேருக்கு மட்டும் அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை.

"எங்க தாத்தா பல்லே தேய்க்க மாட்டார், எண்பது வயசுல கரும்பு கடிச்சார்" என்று சிலர் சொல்வார்கள் இல்லையா? அவர் அந்த 11 சதவிகிதத்தில் இருந்திருக்கலாம். நாமும் அதில் இருப்போமா என்பது கண்ணாடியைப் பார்த்தால் தெரியாது.

நோயின் வேகத்தைக் கூட்டுபவை சில உண்டு.

சர்க்கரை நோய்: கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்கும். ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் வராமல் இழுத்தடிக்கும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 0.3 முதல் 0.4 புள்ளி வரை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கண்ணையும் காலையும் பரிசோதிப்பது போல ஈறையும் பரிசோதிக்க வேண்டும்.

சிகரெட், பீடி, புகையிலை: புகைபிடிப்பவருக்கு ஈறு நோய் அதிகம் வரும். ஆனால் ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் ரத்தம் குறைவாகத்தான் வரும். 'எனக்கு ரத்தமே வர்றதில்லை' என்று அவர் நிம்மதியாக இருப்பார். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். புகையிலையை அடக்கி வைக்கும் இடத்திலும் ஈறு இறங்கி, வேர் வெளியே தெரியும். புற்றுநோய் ஆபத்து வேறு.

கர்ப்பம்: ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சுலபமாக வீங்கும். 'பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்' என்று பல் தேய்ப்பதைக் குறைக்கக் கூடாது. காரை எடுக்கும் சிகிச்சையைக் கர்ப்ப காலத்திலும் செய்யலாம். நான்காவது மாதத்தில் இருந்து ஆறாவது மாதம் வரை வசதியான காலம்.

சில மாத்திரைகள்: ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். இதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் அவர் பேசுவார்.

குடும்ப வாகு: அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால், பிள்ளைகள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே கவனியுங்கள்

நாளைக் காலை பல் தேய்த்ததும் வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

• துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரிகிறதா? பிரஷ்ஷின் முனை இளஞ்சிவப்பாக இருக்கிறதா?
• கொய்யா, ஆப்பிள் கடித்தால் அதில் ரத்தக் கறை படிகிறதா?
• ஈறின் ஓரம் கத்தி முனை போல மெல்லிசாக இல்லாமல், உருண்டு பளபளவென்று இருக்கிறதா?
• தேய்த்த பிறகும் வாய் நாற்றம் போகவில்லையா?
• பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிகின்றனவா? (பல் வளரவில்லை, ஈறு இறங்கியிருக்கிறது.)
• முன்பு இல்லாத இடைவெளி விழுந்து, கீரையும் கறியும் மாட்டிக்கொள்கின்றனவா?
• ஈறை அழுத்தினால் சீழ் வருகிறதா? மெல்லும்போது பல் அசைகிறதா?

முதல் நான்கும் பெரும்பாலும் ஆரம்ப அடையாளங்கள். கடைசி மூன்றில் ஒன்று இருந்தாலும், நோய் எலும்பு வரை போயிருக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளப்பது வழக்கம். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலை இல்லை. 4, 5 என்று போனால் பை உருவாகிவிட்டது என்று அர்த்தம். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும். ஈறில் ரத்தம் என்று போனால், "பை ஆழம் எவ்வளவு டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆரம்ப கட்டத்துக்கு 'ஸ்கேலிங்' எனும் சுத்தம் செய்தல் போதும். அதிர்வுக் கருவியால் காரையைப் பெயர்த்துத் தண்ணீரால் கழுவுவார்கள். பை ஆழமாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரின் மேல் உள்ள காரையையும் சுரண்டி எடுப்பார்கள். இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி ஆழம் அளப்பார்கள். அப்போதும் ஆழமான பை மிச்சம் இருந்தால்தான் ஈறை விலக்கிச் சுத்தம் செய்து தையல் போடும் சிறிய அறுவை சிகிச்சை. ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ போகலாம்.

'க்ளீன் பண்ணினா பல்லு ஆடிடுமாமே?'

இந்தப் பயத்தால்தான் பலர் பத்து வருடம் தாமதித்து வருகிறார்கள். நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரை பற்களை ஒட்டுமொத்தமாகச் சிமென்ட் போலப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவரும். ஆட்டத்தை உண்டாக்கியது காரைதான். அதை எடுத்த கருவி இல்லை.

சுத்தம் செய்த பிறகு இடைவெளி விழுந்தது போலத் தெரிவதற்கும் காரணம் உண்டு. காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது. வீங்கிய ஈறு வற்றி நல்ல நிலைக்கு வருகிறது. சில நாட்கள் பல் கூசலாம், பிறகு குறையும். முறையாகச் செய்தால் பல்லின் எனாமல் தேயாது.

இன்னொரு தவறு, மெடிக்கல் ஷாப்பில் நேராகப் போய் ஆன்டிபயாடிக் வாங்குவது. இரண்டு நாளில் வீக்கம் வடியும். காரை அப்படியே இருக்கும். அடுத்த மாதம் மறுபடி வீங்கும்.

தினமும் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷ் போதும். அதைப் பல்லின் நடுவில் வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வையுங்கள். அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். உட்புறத்தை மறக்காதீர்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றை விட முடியாது என்றால், இரவை விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிகளுக்கு அதுதான் வசதியான நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள்.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. அங்கேதான் படலம் அதிகம். மென்மையாக, ஆனால் விடாமல் தேயுங்கள்.

பற்களின் இடுக்கில் பிரஷ் போகாது. நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் நூலும், இடைவெளி உள்ள பற்களுக்கு இடுக்கு பிரஷ்ஷும் பயன்படுத்துங்கள். குண்டூசி, ஹேர்பின், தீக்குச்சியால் குத்துவது வேண்டாம்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது. குளோர்ஹெக்ஸிடின் உள்ள மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். செங்கல் தூள், சாம்பல், கரித்தூள், உப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது ஈறைக் கிழித்து, பல்லைத் தேய்த்துவிடும். கிராம்புத் தைலத்தை நேரடியாக ஈறில் வைத்தால் புண்ணாகலாம். வேப்பங்குச்சி பழகியவர்கள் முனையை நன்றாக மென்று மிருதுவாக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் அது இடுக்குக்குள்ளும் பைக்குள்ளும் போகாது என்பதை மறக்கக் கூடாது.

உடனே போக வேண்டிய நேரம்

ஈறு வீக்கத்தோடு காய்ச்சல், முகம் அல்லது தாடை வீக்கம், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு ஈறில் தானாக ரத்தம் கசிந்தால், அது டெங்குவின் அபாய அறிகுறியாக இருக்கலாம். காரணமே தெரியாமல் ஈறில் ரத்தம், உடம்பில் கன்றிய தழும்பு, கடும் சோர்வு எல்லாம் சேர்ந்து இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண்ணையும் காட்டிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் சிகிச்சைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கல்யாணப் போட்டோ

அந்த அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். இதுவரை பார்த்ததே இல்லை என்றார். வெறும் வயிற்றில் 210 இருந்தது. ஈறு பார்க்க வந்த இடத்தில் சர்க்கரை நோய் தெரிந்தது. அதற்கு மருந்து ஆரம்பித்து, இங்கே நாலு தடவையாக ஈறைச் சுத்தம் செய்தோம். முன்பற்களில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்றைப் பக்கத்துப் பல்லோடு கட்டி நிறுத்தினோம். எடுத்த பல்லுக்குப் பதில் தற்காலிகப் பல் வைத்தோம். தை மாதம் அவர் நன்றாகவே சிரித்தார். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வர வேண்டும், வருகிறார்.

முதல் நாள் அவர் எழுந்து போன பிறகு, மகள் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர், எனக்கும் தேய்க்கும்போது லேசா ரத்தம் வருது. வலி எதுவும் இல்ல. அதான் சொல்லலை."

அவளுக்கு 26 வயது. அளந்து பார்த்தேன். எங்கும் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. எலும்பில் பாதிப்பு இல்லை. ஒரே ஒரு முறை சுத்தம் செய்தோம். பிரஷ் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது.

அம்மாவுக்கும் 26 வயதில் இதே ரத்தம்தான் வந்திருக்கலாம். அப்போது யாராவது பார்த்திருந்தால், ஒரே நாள் வேலையோடு முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் யாருடைய பிரஷ்ஷில் சிவப்பு தெரிகிறது என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். ரத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

அடுத்த வாரம்: ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் சுரீர் என்கிறதா? பல் கூச்சம் பற்றிப் பேசுவோம்.